தலைப்பிரசவம் நடந்த ஊர்

குவைத்தில், அப்பாசியாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். என் தாத்தாவின் தாத்தா ஜான், அயர்லாந்திலிருந்து திருச்சி ரயில்வேக்கு வந்தவர் என்று சொன்னால் உறவினர்கள் கட்டுக்கதை என்று சிரிப்பார்கள். அவர்கள் வாயை அடைக்க, ஜானுடைய அப்பா ஊரின் பங்குக் கோயில் ஞானஸ்நான, திருமணப் பதிவேட்டை இணையத்தில் தேடிப் பிடித்தேன். நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களை மூன்று முறை பார்த்தேன். பெற்றோரின் திருமணம் இருந்தது. தம்பிகள் நால்வரும் இருந்தார்கள். மூத்தவர் ஜான் மட்டும் இல்லை.

முதல் பிரசவத்துக்கு ஊருக்குக் கிளம்பும் மருமகளின் பெட்டியை ஐந்தாவது முறையாக எடை பார்த்துக்கொண்டே அவளிடம் புலம்பினேன்.

"மூத்த புள்ளைன்னா அவங்க அம்மா ஊர்ல தேடணும் மாமா. நான் இப்ப எங்க போறேனாம்?" என்றாள்.

பெட்டியை அப்படியே விட்டு ஓடினேன். அம்மாவின் ஊர் அந்தத் திருமணப் பதிவிலேயே இருந்தது. அந்த ஊர்ப் பதிவேட்டில் பதினேழாம் பக்கம், ஒன்பதாவது வரியில் ஜான் இருந்தார். பெற்றோர் பெயர் இரண்டும் சரி. எழுந்து நின்று உரக்க வாசித்தேன்.

"சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிடவா மாமா?"

"பதினோரு பேர். ஒருத்தரையும் விட்டுடாதே."

அன்றிலிருந்து அந்த அயர்லாந்து வீடு எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. அங்கும் ஒரு மாமனார், மருமகளின் பெட்டியைத் தூக்கிப் பார்த்துக் கவலைப்பட்டிருப்பார்.