ஒலிபெருக்கியில் என் பெயர்

என் தங்கை மல்லிகா தாதியர் படிப்புக்காக லண்டன் புறப்பட்டபோது, எங்கள் ஊரான ஜெலுத்தோங்கிலிருந்து இரண்டு வேன் நிறைய உறவினர்கள் வழியனுப்ப வந்தார்கள். பாயான் லெப்பாஸில் அப்போதுதான் கட்டி முடித்த விமான நிலையக் கட்டடத்தில் ஒலிபெருக்கிகளுக்கு வயர் இழுத்தவன் நான். தங்கையைக் கவுண்டர் வரிசையில் நிறுத்திவிட்டு, எல்லாரையும் மாடிக்கு அழைத்துப்போய் என் வேலையைக் காட்டினேன்.

திடீரென்று ஒலிபெருக்கி என் பெயரைச் சொன்னது.

"அண்ணே, உங்களத்தான் கூப்பிடுறாங்க! பெரிய ஆளுதான் லா!" என்றான் சித்தி மகன். எல்லாரும் கைதட்டினார்கள். நெஞ்சை நிமிர்த்திச் சட்டையைச் சரிசெய்தேன். சட்டைப் பையில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. மல்லிகாவின் பாஸ்போர்ட்! வேனில் எல்லாருக்கும் காட்டிவிட்டு, திருப்பிக் கொடுக்க மறந்திருந்தேன்.

படிகளில் விழுந்தடித்து ஓடினேன். கவுண்டரை மூடப்போகும் நேரத்தில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன். மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "உங்க ஸ்பீக்கர் நல்லாத்தான் வேலை செய்யுது அண்ணே."

இப்போது யாரை வழியனுப்பப் போனாலும், முதலில் என் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறேன். பிறகுதான் ஒலிபெருக்கியைக் காட்டுகிறேன்.