கையோடு வந்த குமிழ்

சனிக்கிழமை பின்னேரம் நாலேகாலுக்குக் கதவுக் குமிழ் என் கையோடு வந்துவிட்டது. அதன் மறுபாதி வெளியே சீமெந்தில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. உள்ளே நானும் என் மகளும், அவளுக்கு ரெக்கோடர் என்ற மரக்குழல் பழக்கும் ஒல்லாந்து ரீச்சரும். மகளுக்குத் தொய்வு, அதுதான் ஆஸ்துமா. மூச்சு முட்டினால் இழுக்கும் மருந்தும் என் போனும் காரில் கிடந்தன; ரீச்சரின் போன் வீட்டுக்குள்.

அது நோபல் பார்க்கில் ரீச்சர் வீட்டுக் கராஜ். தன் நாட்டில் பெரிய மண்டபங்களில் வாசித்தவர், மெல்பேர்னுக்கு வந்தபின் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்து, பிள்ளைகளின் பிளாஸ்டிக் குழல்களுக்குச் சுருதி சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் என்று முறைப்பாடு செய்ததும் கார் வாசலையும் யன்னலையும் பலகையால் அடைத்து, சுவரெங்கும் கம்பளி அறைந்து, கதவு இடுக்குகளுக்கு ரப்பரும் ஒட்டிவிட்டார். "இனி நான் செத்தாலும் அந்த மனுசனுக்குக் கேட்காது" என்று முதல் நாளே பகிடி விட்டவர்.

கதவை இடித்தேன், கத்தினேன். கம்பளி எல்லாவற்றையும் விழுங்கியது. கூரையோரம் கையகலக் காற்றுத் துவாரம் ஒன்று மட்டும் இருந்தது. அதற்குள்ளால், பக்கத்து வளவில் அந்த வீட்டுக்காரரின் புல்வெட்டும் இயந்திரம் இரைவது கேட்டது. அதை மீறி என் குரல் போகவில்லை.

"அப்பா, மூச்சு எடுக்க ஏலாமக் கிடக்கு."

"பயப்பிடாதை குஞ்சு, இப்ப திறந்திடலாம்" என்றேன். சொன்னதை நானே நம்பவில்லை.

ரீச்சர் மிகச் சிறிய குழல்கள் இரண்டை எடுத்துக்கொண்டு கதிரையில் ஏறினார். ஒன்றின் தலைப்பகுதியை மட்டும் சற்று இழுத்துவிட்டார். இழுத்தால் சுருதி இறங்கும், மற்றதோடு சேராமல் காதைக் குத்தும் என்று, அன்றைய பாடம்போல மகளுக்கு விளங்கப்படுத்தினார். "இந்தச் சத்தம் வராமல் இருக்கத்தான் இவ்வளவு காலமும் பழகினேன். இன்றைக்கு அவர் திட்டிக்கொண்டு வரட்டும்." இரண்டையும் ஒன்றாக வாயில் வைத்துத் துவாரத்துக்கு நேரே ஊதினார். பல் கூசியது. முகம் சிவந்து கண்ணீர் வந்தும் அவர் நிறுத்தவில்லை. நான் மகளை நிமிர்த்திப் பிடித்தபடி, அவள் முதுகு ஏறி இறங்குவதையே பார்த்திருந்தேன். வெளியே இயந்திரம் நின்றது.

மகள் இப்போது சுகம். ஆனால் வீட்டில் ஒரு கதவையும் சாத்த நான் விடுவதில்லை. அந்தக் குமிழ் என் மேசையில் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வெளியிலிருந்து கதவைத் திறந்ததும், மகளைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடியபோதும் அது என் கைக்குள்தான் இருந்திருக்கிறது. முதுகுக்குப் பின்னால் அவரின் குரல் கேட்டது. அவர் திட்டவில்லை.

"என்ன நடந்தது, மிஸ்? நீங்கள் ஒருநாளும் பிழையாக வாசிக்கிறதில்லையே."