என் சிரிப்பு சாட்சியான கதை

எனக்குச் சிரிப்பு முதலில் வரும், காரணம் பிறகுதான் வரும். குடியுரிமைச் சத்தியம் எடுத்த அன்று நீதிபதி தும்மியதற்குச் சிரித்து, மனைவியிடம் தொடையில் கிள்ளு வாங்கியவன் நான். ஐம்பத்திரண்டு வயதில், தலைமயிரும் முழங்காலும் கைவிட்ட பிறகும், என்னுடன் தங்கியிருக்கிற ஒரே திறமை இது. மொன்றியலின் சென்ட் லோரன்டில் நான் வேலை செய்யும் மருந்துப் பொதியிடும் தொழிற்சாலையில், என்னைத் தெரியாதவர்களுக்கும் என் சிரிப்பைத் தெரியும். அது ஒருநாள் கோப்பில் ஏறும் என்று நான் நினைத்ததில்லை.

பெட்டி ஒட்டும் வரிசையில் எனக்குப் பக்கத்தில் பதினொரு வருடமாக நிற்பவர் ஹெயிட்டித் தீவிலிருந்து வந்த ஒரு கறுப்பினப் பெண், என் தோழி. என் வயதுதான். நாங்கள் பேசிக்கொள்வது என்னுடைய அரைகுறைப் பிரெஞ்சில். அவர் சொன்னதையும் மற்றவர்கள் சொன்னதையும் இங்கே எங்கட தமிழிலேயே எழுதுகிறேன். எனக்கு எல்லாம் அப்படித்தான் காதில் விழுகிறது.

போன மாரிக் குளிரில் ஒருவர் ஓய்வுபெற்றார் என்று இடைவேளை அறையில் கேக் வெட்டினார்கள். தோழியின் தட்டிலிருந்து ஒரு துண்டு வழுக்கி நிலத்தில் விழுந்தது. துடைக்கக் குனிந்தார். எங்கள் மேற்பார்வையாளர் இங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் கார் பனிக்குள் புதைந்தபோது பனி அள்ளும் சவளுடன் ஓடிவந்தவர். அவர் சொன்னார்:

"விடுங்கோ, அவ அப்பிடியே எடுத்துச் சாப்பிடுவா. அவையின்ரை நாட்டிலை பசிக்கு மண்ணிலைதானே பிஸ்கட் சுடுறவை."

நாலைந்து பேர் சிரித்தார்கள். முதலில் சிரித்தது நான். உரக்கச் சிரித்ததும் நான்.

தோழி நிமிர்ந்தார். கையில் கேக் ஒட்டிய கடதாசி.

"வெள்ளையள் எல்லாம் ஒரே ஊத்தைதான். உங்கட காலம் முடியுது, பாருங்கோ."

இதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

அடுத்த நாள் விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கும்படி அவருக்குச் சொல்லிவிட்டார்கள். ஒரு இனத்தையே இழிவுபடுத்தியதும் மிரட்டியதும் குற்றம் என்று கடிதத்தில் இருந்ததாம். வேலையே போகலாம் என்று தொழிற்சங்கக்காரர் எச்சரித்தாராம். மேற்பார்வையாளரின் வசனத்துக்கு நேரே "பொருத்தமற்ற பகிடி" என்று மட்டும் எழுதியிருந்ததாம். இதையெல்லாம் தோழியே போனில் சொன்னார்.

"நான் பொலிசுக்குப் போனனான்" என்றார்.

"முறைப்பாட்டை எழுதினவங்களோ?"

"அங்கை இருந்தவன் நல்ல மனுசன். கோப்பி வேணுமோ எண்டும் கேட்டவன். வெறுப்புப் பேச்சுச் சட்டத்தின்ரை வேலி சரியான உயரமாம். அறைக்குள்ளை சொன்ன ஒரு வசனம் அதைத் தாண்டாதாம்."

"நீர் சொன்னது?"

"அதுவும் தாண்டாதாம். ஆனா கொம்பனி விதி வேறையாம். அங்கை வேலி எவ்வளவு உயரம் எண்டு கொம்பனிதான் சொல்லுமாம். இப்ப பாரும், அவருக்கு நெஞ்சளவு வேலி, எனக்குக் கணுக்காலளவு. நீர் சாட்சி சொல்லுவீரோ?"

"ஓம்" என்றேன்.

"நீர் ஏன் சிரிச்சனீர்?"

"லைன் கிளியர் இல்லை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். லைன் கண்ணாடி போலக் கிளியராக இருந்தது.

நான் ரொக்ஸ்பரோவில் இருக்கிறேன். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்து வரும் நண்பர் ஒருவர் என்னைக் காலையில் ஏற்றிக்கொண்டு போவார். அவரும் எங்கள் தொழிற்சாலைதான், களஞ்சியத்தில் வேலை.

"அண்ணை, உங்களுக்கு என்ன விசரே?" என்றார். "கோயிலிலை தேங்காயை உடையுங்கோ, அதோடை நிப்பாட்டுங்கோ. எச்.ஆருக்கு முன்னாலை போய்த் தலையை உடைக்காதையுங்கோ. அதுவும் ஒரு..."

அங்கே அவர் ஒரு சொல் சொன்னார். கறுப்பின மக்களுக்கு நாங்கள் எங்களுக்குள் வைத்திருக்கும் சொல். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை, யாழ்ப்பாணத்தார் எவருக்கும் எழுதாமலே தெரியும். "...அதுவும் ஒரு அதுக்காக."

நான் சிரித்தேன். பழக்கதோஷம்.

பின்னேரம் வீட்டில் இந்த நண்பரின் தேங்காய் உவமையை மனைவிக்கு நடித்துக் காட்டினேன், அந்தச் சொல்லையும் விடாமல். அவர் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார்.

"வெள்ளைக்காரன் சொன்னதுக்கும் சிரிச்சியள், காருக்குள்ளை இவர் சொன்னதுக்கும் சிரிச்சியள்" என்றார். "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"இது தமிழப்பா. ஒருத்தருக்கும் விளங்காது."

"அப்ப, பிடிபடாட்டில் கள்ளன் கள்ளனில்லை."

பிறகு வெட்டிய லீக்ஸைச் சட்டியில் போட்டார்.

எச்.ஆர். அறைக்கு என்னை வியாழக்கிழமை கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட, மிகவும் மரியாதையான ஒரு பெண். கோப்பைத் திறந்து வாசித்தார்: "சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த ஊழியர் ஒருவரும் சிரித்தார்." அந்த ஊழியர் நான். மற்றவர்களின் சிரிப்பு கோப்பில் இல்லை.

"உங்களுக்கே அது பகிடியாத்தானே பட்டது?" என்று கேட்டார்.

"மேடம், அது பயத்திலை வந்த சிரிப்பு. என்ரை தட்டிலையிருந்து கேக் விழுந்திருந்தா, எங்கட நாட்டைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் எண்டு யோசிச்சன்."

இது முழு உண்மையா என்று எனக்கு இன்றும் தெரியாது. சிரித்த பிறகுதான் யோசித்தேன்.

"அதை நான் என்னெண்டு எழுதுறது? நீங்கள் சிரிச்சது ஒரு தகவல்."

"நான் சிரிச்சால் அது பகிடி எண்டு பதிவாகுமோ?"

"ஒரு காரணியா எடுப்பம்."

"அப்ப அவ சொன்னதை ஒருக்கா வாசியுங்கோ."

வாசித்தார். வெள்ளையள், ஊத்தை, காலம் முடியுது. நான் சிரித்தேன். தை மாதக் குளிரில் ஸ்டார்ட் ஆகாத கார் இருமுவது போல ஒரு சிரிப்பு. என் வாழ்க்கையிலேயே மிகவும் மோசமானது.

"இதையும் எழுதுங்கோ. சிறுபான்மை இனத்தவர் ஒருவர் சிரித்தார்."

அவர் பேனையை மேசையில் வைத்தார். "இது விளையாட்டில்லை."

"ஓம், அவவின்ரை வேலை போகப்போகுது. எனக்கும் விளையாட்டில்லை." "அவ சொன்னது பிழைதான் மேடம். ஆனா அதைக் குற்றம் எண்டு எழுதிப்போட்டு, அவர் சொன்னதைப் பகிடி எண்டு எழுதாதையுங்கோ. ரெண்டு வசனத்துக்கும் ஒரே பேரை வையுங்கோ. என்ன பேர் எண்டாலும் பரவாயில்லை."

அவர் பேனையைத் திரும்ப எடுத்தார். "நீங்கள் இப்பிடி ஏதும் சொல்லியிருக்கிறியளோ?"

அது கோபத்தில் கேட்டதா, படிவத்தில் இருந்த கேள்வியா என்று தெரியவில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். மொன்றியலில் எச்.ஆருக்குத் தமிழ் தெரியாது.

"ஓம்" என்றேன். "எங்கட பாஷையிலை அவவின்ரை ஆக்களுக்கு ஒரு பேர் இருக்கு. பதினொரு வருசமாச் சாப்பாட்டு மேசையிலை அவவுக்கு முன்னாலையே பாவிச்சிருக்கிறம். ஒருத்தருக்கும் விளங்காதபடியா ஒரு விதியும் எங்களைப் பிடிக்கேல்லை."

"அதையும் எழுதவோ?"

"எழுதுங்கோ."

மூன்று கிழமை கழித்து முடிவு வந்தது. தோழிக்கு எழுத்துமூல எச்சரிக்கை. மேற்பார்வையாளருக்கும் அதே எச்சரிக்கை, சொல்லுக்குச் சொல் ஒரே கடிதம். தோழியின் வேலை தப்பியது. மூன்றாவது கடிதம் எனக்கு.

"அண்ணை, கேட்டு வாங்கின முதல் ஆள் நீங்கள்தான்" என்றார் நண்பர். ரொக்ஸ்பரோ வரும்வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தோழி திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். இருபது பெட்டி ஒட்டினார்.

"சங்கக்காரன் நீர் சொன்னதை வாசிச்சுக் காட்டினவன்" என்றார் பிறகு.

"ஓம்."

"அங்கையும் சிரிச்சீராம்."

"கேவலமாச் சிரிச்சன்."

"அந்தப் பேர் என்ன?"

மெஷின் பழுதாகட்டும் என்று வேண்டினேன். அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. சொன்னேன், கீழே பார்த்துக்கொண்டு. அவர் அந்தச் சொல்லைத் தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். உச்சரிப்பு மிகச் சரியாக இருந்தது.

"இந்தச் சொல்லோ? இதை நான் ஒவ்வொரு நாளும் கேக்கிறனான். ஏதோ கறிக்குப் பேர் எண்டெல்லோ நினைச்சன்."

அவர் அடுத்த பெட்டியை எடுத்து ஒட்டினார். எனக்கு மன்னிப்புக் கேட்கப் பிரெஞ்சு வரவில்லை. தமிழும் வந்திருக்காது.

அந்தக் கிழமை முழுவதும் அவர் சாப்பாட்டுக்கு எங்கள் மேசைக்கு வரவில்லை, ஜன்னலோரம் தனியே இருந்தார். அடுத்த புதன்கிழமை சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். நாங்கள் இருந்த நீள வாங்கில் இடமில்லை. நண்பர் என் பக்கம் திரும்பி ஏதோ சொல்லத் தொடங்கினார். அந்தச் சொல் வரவேண்டிய இடத்தில் வாய் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார், தோழியைப் பார்த்தார்.

"அண்ணை," என்றார், "அவவுக்குக் கொஞ்சம் தள்ளி இருங்கோ. இடம் காணாது."