பாக்கிங்குக்குள் சொன்ன செபமாலை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாக இழுத்தடித்துவிட்டேன். நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. தமிழ் எழுத்துக்கூட எங்கள் மாதா கோயில் பங்கில் நடந்த சனிக்கிழமை வகுப்பில் பிடித்துக்கொண்டதுதான். ஆனால் தயக்கம் அதனால் மட்டும் வந்ததல்ல. எங்கள் செபக்குழுவில் இந்தச் சம்பவத்தை ஒரு புதுமையாக, தெய்வ அற்புதமாகச் சொல்கிறார்கள். மாதா முன்னால் நடந்து வழிகாட்டினாவாம். வேறு இடங்களில் இதையே பகிடியாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இரண்டும் நடந்ததல்ல. நடந்தபோது நான் அங்கே இருந்தேன். எனக்கு ஒன்பது வயது. ஒன்றுமே விளங்கவில்லை. அன்றைக்கு எனக்கு விளங்கின அளவுக்குத்தான் எழுதுகிறேன், ஆண்டவர் துணை செய்யட்டும்.

அப்போது நாங்கள் ஊரைவிட்டு வந்து, டோர்செட் பார்க்கில் ஓர் உயரமான அப்பாட்மென்டில் இருந்தோம். அதற்கு முந்தின குளிர்காலத்தில் மின்சாரம் போய், லிஃப்ட் நின்று, மேல் மாடிகளில் வயதானவர்கள் குளிருக்குள் முடங்கிக் கிடந்தார்கள். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே பலருக்குத் தெரியாமல் இருந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் பங்கும், பள்ளிவாசலும், சைவக்கோவிலும் தீயணைப்புக்காரரோடு சேர்ந்து ஒரு குழு அமைத்தன. அதுவரை இந்த மூன்று தரப்புக்கும் இருந்த ஒரே தொடர்பு, திருநாள் காலத்தில் கார் விடுகிற இடத்துக்காகச் சண்டை பிடிப்பதுதான்.

குழு ஒரு டிறில், அதாவது தீ விபத்துக்கு ஓர் ஒத்திகை, வைக்க முடிவெடுத்தது. அலாரம் அடித்தால் எல்லோரும் படியால் இறங்கி, முன்னால் இருக்கிற புல்வெளியில் சிவப்புக் கொடி நட்ட இடத்தில் கூடி நிற்க வேண்டும். ஆட்களை எண்ணுவது சைவக்கோவில்காரரின் பொறுப்பு. படிகளைப் பார்ப்பது பள்ளிவாசல்காரரின் பொறுப்பு. எங்கள் பங்குக்குத் தேநீரும் ரோல்ஸும் கிடைத்தன. அதில் அப்பாவுக்கு மனக்குறை. வாதாடி, எங்கள் மாடிக்குப் பொறுப்பாளர் என்று ஒரு மஞ்சள் மேலங்கியை வாங்கிக்கொண்டார். வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தார்.

டிறிலைப் பற்றி விளக்கிய கூட்டத்துக்குச் சித்தியும் வந்திருந்தார். அம்மாவின் தங்கை. ஊரில் சண்டை முடிந்து, முகாமில் இருந்து, எங்கெங்கோ அலைந்து எங்களிடம் வந்து சேர்ந்தவர். சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்பா வீட்டிலும் ஒருமுறை விளக்கினார். அதற்கும் தலையாட்டினார்.

டிறில் அன்று காலையில் அம்மா தேநீர் ஊற்ற முன்கூட்டியே கீழே போய்விட்டார். தம்பி கைக்குழந்தை. அவனையும் என்னையும் சித்தியிடம் விட்டிருந்தார். அலாரம் அடித்தது. சித்தி தம்பியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, மற்றக் கையால் என்னைப் பிடித்தார். படிவாசலில் அப்பா நின்று, "ஆறுதலாப் போங்கோ, ஆறுதலாப் போங்கோ" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்கும் அதையே சொன்னார்.

கீழே வெளியே போகும் கதவடியில், நடக்க முடியாத ஒரு வயதான பெண்ணை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு நின்றார்கள். எல்லோருடைய கண்ணும் அங்கேதான். சித்தி திறந்திருந்த கதவால் புல்வெளியை ஒருமுறை பார்த்தார். சனம் கூடிவிட்டது. அவர் என் கையை இழுத்துக்கொண்டு, இன்னும் கீழே, நிலத்துக்குக் கீழே கார் விடுகிற அண்டர்கிரவுண்ட் பாக்கிங்குக்குப் போகும் படியில் இறங்கினார்.

"சித்தி, இது டிறில். உண்மையில்லை" என்றேன்.

"ஓம் குஞ்சு, தெரியும்."

தெரியும் என்றவர் நிற்கவில்லை. எனக்கு அதுதான் முதல் குழப்பம்.

"அப்ப ஏன் கீழ போறம்?"

"அங்க வெட்டைவெளியில எல்லாரையும் கூட்டி வைச்சிருக்கினம். அங்க போகேலாது."

"அதுதானே பாதுகாப்பான இடம். அப்பா சொன்னவர்."

"உப்பிடித்தான் சொல்லுவினம். ஊரிலயும் சொன்னவை."

பாக்கிங்கின் கடைசி மூலையில், தடித்த தூணுக்கும் சுவருக்கும் நடுவே என்னைக் குப்புறப் படுக்க வைத்தார். தம்பியைத் தனக்குக் கீழே வைத்து, கையை ஊன்றி, அவன் மேல் கூரை மாதிரிக் குனிந்துகொண்டார். "காதைப் பொத்து. வாயைத் திறந்து வைச்சிரு, வெடிச்சா காது போகாது" என்றார். பிறகு செபமாலையைத் தொடங்கினார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எப்படிப் பதில் செபம் சொல்வது? அதைக் கேட்கவும் வாயை மூட வேண்டியிருந்தது. நான் "ஆ" என்றபடியே சொன்னேன். மாதா கோபிக்கக்கூடாது என்று உள்ளுக்குள் மன்றாடினேன்.

மேலே நடந்ததை அம்மா பிறகு சொல்லித்தான் அறிந்தேன். எண்ணியபோது எங்கள் வீட்டு ஆட்கள் குறைந்தார்கள். எண்ணிக்கொண்டிருந்தவர் அப்பாவிடம், "அண்ணை, மாடிக்கே பொறுப்பெண்டு சட்டை போட்டிருக்கிறியள், வீட்டு ஆக்களையே துலைச்சிட்டியளோ?" என்று பகிடி விட்டாராம். அப்பா சிரிக்கவில்லை. அம்மா தேநீர்ப் பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு, "என்ர பிள்ளையள் எங்க?" என்று கத்திக்கொண்டு கட்டடத்துக்குள் ஓடப் பார்க்க, தீயணைப்புக்காரர் மறித்திருக்கிறார்கள். டிறில் அதோடு நின்றுபோய், உண்மையாகவே தேடத் தொடங்கினார்கள். எல்லோரும் மேல் மாடிகளுக்கு ஓடினார்கள்.

படிகளைப் பார்த்துக்கொண்டு நின்ற பள்ளிவாசல்காரரில், நான் அங்கிள் என்று கூப்பிடுகிற ஒருவர் மட்டும் கீழே வந்தார். அவரும் மன்னார்ப் பக்கம், எங்களைப் போலவே தமிழ் பேசுகிறவர். டோர்ச் வெளிச்சத்தை நிலத்தில் அடித்தபடி மெல்ல வந்து, எங்களைக் கண்டதும் அதை அணைத்துவிட்டார். எனக்குப் பெரிய ஆறுதல். எழும்பப் பார்த்தேன். அவர் கையைக் காட்டி, படுத்திரு என்றார். பிறகு அவரும் ஒரு காரின் ரயருக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ஆருக்கும் காயமோ?"

"இல்லை."

"பிள்ளையள்?"

"ரெண்டும் இருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ். அலாரம் நிக்கட்டும். நிண்டாப் பிறகு போவம்."

கையில் இருந்த வோக்கிடோக்கியில், மேலே நின்றவர்களுக்கு இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார்: ஆட்கள் சுகமாக இருக்கிறார்கள், ஒருவரும் இங்கே வரவேண்டாம், முக்கியமாகச் சப்பாத்துச் சத்தத்தோடு ஒருவரும் வரவேண்டாம். எங்களைத் தேடி மேலே கொண்டுபோக வேண்டியவர், எங்களோடு சேர்ந்து ஒளிந்திருந்தார். பெரியவர்கள் இரண்டு பேரும் டிறிலைப் பிழையாகச் செய்கிறார்கள், சரியாகத் தெரிந்தவள் நான் ஒருத்தி வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

அலாரம் நின்றது. சித்தி சொல்லிக்கொண்டிருந்த காரணிக்கத்தை, அந்தப் பத்து மணிச் செபத்தை, முடிக்கும்வரை அங்கிள் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார். பிறகு புல்வெளிப் பக்கம் போகாமல், உள்வழியால் லொபிக்குக் கூட்டிப்போனார்.

அம்மா ஓடிவந்தார். தம்பியைப் பறித்தெடுப்பார், சித்திக்கு நல்ல ஏச்சு விழும் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா கைகளை நீட்டினார். சித்தி தம்பியைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தார். நீட்டிய கைகளைத் திருப்பிச் சித்தியின் தலையில் வைத்து, "நீயே வைச்சிரு" என்றார். அன்றைக்கு முழுவதும், பால் குடிக்கிற நேரம் தவிர, தம்பி சித்தியின் மடியில்தான் இருந்தான். அப்பா மஞ்சள் மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்தார்.

அடுத்த கூட்டத்தில் தீயணைப்பு அதிகாரி, அங்கிளை மொழிபெயர்க்கச் சொல்லி, எங்கே கூடச் சொன்னால் வருவீர்கள் என்று சித்தியிடமே கேட்டார். "கூரை இருக்கிற இடமெண்டா வருவன்" என்றார் சித்தி. மண்டபத்தில் இருந்த வேறும் சில பெண்கள், "எங்களுக்கும் அதுதான்" என்றார்கள். அவர்கள் புல்வெளிக்கு வந்து நின்றவர்கள்தான். எப்படி நின்றார்கள் என்பதை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. சிவப்புக் கொடி பக்கத்துப் பள்ளிக்கூட ஜிம்முக்குப் போனது. பாக்கிங்கையும் பார்ப்பது பள்ளிவாசல்காரரின் வேலையோடு சேர்ந்தது. என் வகுப்பில் வரிசையை விட்டு விலகினால் பேச்சு விழும். இங்கே விலகின ஒருவருக்காக வரிசையையே மாற்றினார்கள். அதுவும் எனக்கு விளங்கவில்லை.

இதை வாசிக்கிறவர்கள் யாருக்காவது சொல்வதென்றால், தயவுசெய்து இப்படியே சொல்லுங்கள். புதுமையைச் சேர்க்க வேண்டாம். சிரிப்பையும் சேர்க்க வேண்டாம். ஆண்டவர் அங்கே இருந்தார் என்று நான் நம்புகிறேன், ஆனால் சித்தி அந்த மூலையைத் தானாகத்தான் கண்டுபிடித்தார். இதையும் விடாமல் சொல்லுங்கள்: சித்தி எங்களிடம் வந்தபோது தனியாகத்தான் வந்தார். தனியாக வந்தவர் எப்போதுமே தனியாக இருந்தவர் என்றுதான் நான் அன்றைக்கு நினைத்திருந்தேன். அவர் நெஞ்சோடும் முன்பு ஒரு பிள்ளை இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.