மஃரிப் வரைக்கும் மவுத்து

வெயிலில் காய்ந்த தவிட்டு வாசனையும் பழைய டீசல் வாசனையும் கலந்து மூக்கில் ஏறும். கிழிந்த சீற்றின் கம்பி தொடையில் குத்தும். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த நெல் மில்லின் வளவில், சில்லுகள் கழற்றப்பட்டு நின்ற அந்த லொறிக்குள் ஏறிவிட்டால், பின்னேர அஸர் தொழுகை தொடக்கம் பொழுதுபட்டதும் வரும் மஃரிப் வரைக்கும் பொடியன்களாக இருந்த எங்களுக்கு உலகத்தில் சாரதி, துவக்குக்காரன் என்று இரண்டே உத்தியோகங்கள்தான் இருந்தன.

துவக்கு என்பது தென்னம் மட்டை. வெடிச்சத்தம் அவரவர் வாயிலிருந்து வர வேண்டும். குறி வைக்கப்பட்டவன் விழ வேண்டும், விழுந்தவன் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு கேட்கும் வரை எழும்பக் கூடாது என்பது சட்டம். இப்படிச் செத்துக் கிடப்பதற்கு "மவுத்துக் கிடக்கிற" என்று பெயர். எறும்பு கடித்தாலும், வீட்டில் தின்னக் கூப்பிட்டாலும், கிடந்தவன் கிடக்க வேண்டியதுதான். வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் உம்மா, "மவுத்தோட விளையாடாதீங்க மனே, அது பகிடி விளங்காத சாமான்" என்பார்.

அந்த வளவில் ஒருநாளும் மவுத்தாகாதவன் என் மாமாவின் மகன் சலீம். சாரதி ஆசனம் எப்போதும் அவனுக்குத்தான். எத்தனை பேர் சூழ்ந்து நின்று சுட்டாலும், "எனக்குப் படல்ல, ஓடுற லொறிக்கி எப்பிடிடா படும்?" என்பான். லொறிக்குச் சில்லு இல்லை என்று நான் சட்டம் எடுத்துக் காட்டினால், இன்னும் வேகமாகச் சுக்கானைச் சுற்றுவான்.

பிறகு அவன் கட்டாருக்குப் போய் உண்மையான லொறிகளை ஓட்டினான். நான் சாரதி லைசனுக்குப் பரீட்சை எடுக்கும் உத்தியோகத்தில் இருந்து, ஊரில் பாதிப் பேரின் பகையைச் சம்பாதித்து ஓய்வு பெற்றேன். போன வருடம் வலது காலைப் பாரிசவாதம் பிடித்து ஊர் திரும்பிய சலீமுக்கு, மறுபடியும் வாகனம் ஓட்ட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. "ஒன்ட ஆக்கள் இன்னம் அங்கதானே இருக்காங்க, ஒரு சொல்லுச் சொல்லிடு மச்சான்" என்றான். மருத்துவச் சான்றிதழ், பார்வைப் பரிசோதனை, செய்முறைப் பரீட்சை என்று நான் வரிசையாகச் சொல்லத் தொடங்க, "நீ அந்த லொறிக்குள்ளயும் சட்டந்தான் கதைச்ச" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சில நாட்களில் ஆள் அனுப்பினான். அவனுடைய மகன் ஒரு கேம் பெட்டியும், சுக்கானும், காலால் மிதிக்கும் பிறேக்கும் வாங்கிக் கொடுத்திருந்தான். "இதில ஓடிக் காட்டுறன், நீ பரீட்சகர்தானே, பொறகு செல்லு ஏலுமா ஏலாதா எண்டு" என்றான் சலீம்.

துவக்கோடு திரிபவனின் கண்ணே திரையாக இருக்கும் விளையாட்டு அது. வாகனத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல முடியாது: மழையில் சில்லு வழுக்குகிறது, பாரம் ஏற்றினால் சுக்கான் கனக்கிறது, பக்கக் கண்ணாடியில் பின்னால் வருபவன் சரியாகத் தெரிகிறான். இவ்வளவு மூளையையும் செலவழித்துச் செய்தவர்கள், அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டியிருக்கிறார்கள். அங்கே சாரதி ஒரு கையால் ஓட்டி மறு கையால் சுடுகிறான். இரத்தம் கண்ணாடியில் தெறிக்கிறது, துடைப்பான் அதை மழைத்தண்ணீர் போலத் துடைக்கிறது. செத்தவனின் உடல் அடுத்த வளைவுக்குள் மறைந்துவிடுகிறது. முறைப்பாடு இல்லை, மரண விசாரணை இல்லை, ஜனாஸாவைத் தூக்கி அடக்க ஆள் இல்லை. சுடப்பட்ட சாரதியோ கண் மூடித் திறப்பதற்குள் புதுத் துவக்கோடு அதே ஆசனத்தில் எழும்பி உட்கார்ந்திருக்கிறான்.

சலீம் சுடவில்லை. கல்முனைச் சந்தைத் தெருவில் போவது போல, ஓரமாக, சமிக்ஞை போட்டு ஓடிக்கொண்டிருந்தான். நல்ல ஓட்டம், முப்பது வருடப் பழக்கம் கையில் இருந்தது. அப்போது கூடையோடு ஒரு பெண் தெருவைக் கடந்தாள். பிறேக்கை நோக்கி அவனுடைய கால் நகர்ந்ததை நான் பார்த்தேன். அது போய்ச் சேருவதற்குள் திரையில் சிவப்புத் தெறித்தது. மூலையில் அதற்கும் புள்ளி ஏறியது.

அவன் சுக்கானிலிருந்து கையை எடுத்தான்.

"அது சாமான்ட பிழையா இருக்கும்" என்றேன். உத்தியோகத்தில் இருந்த காலத்தில் நான் யாருக்கும் சொல்லாத சமாதானம் அது.

"இல்ல மச்சான். பட்டுட்டு."

கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அவனுடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து, "என்ன, நித்திரையா?" என்று கேட்டபோதும் அசையவில்லை. திரையில் தெருவின் நடுவே நின்றுபோன வாகனத்தை எவனெவனோ வந்து சுட்டான். உள்ளே இருந்தவன் சாவதும் எழும்புவதுமாக, வெட்கமில்லாமல், பாங்கு சொல்லும் வரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தான்.

மஃரிப் பாங்கு கேட்டதும் சலீம் கண்ணைத் திறந்து பெட்டியை நிற்பாட்டினான்.

மில்லும் வளவும் லொறியும் சுனாமியில் கடல் வந்த காலையில் போய்விட்டன. அங்கே மவுத்துக் கிடந்து பழகியவர்களில் சிலரும் அதே காலையில் போனார்கள். அந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை ஒன்று இருக்கிறது. வாசலில் நிற்கும் பொடியன்கள் குனிந்த தலை நிமிராமல் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள், எவனும் விழுவதில்லை. அதைக் கடந்துதான் தொழப் பள்ளிக்குப் போனோம். சலீம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தான். லைசன் கதையை அவன் எடுக்கவில்லை.