கட்டம் கட்டமாய் ஒரு செய்தித்தாள்

நூலகத்தில் எடுத்துக் கொடுக்கிற வேலை என்பது யாராவது வந்து கேட்கிறவரைக்கும்தான் வேலை. கேட்க ஆள் வராவிட்டால் அதற்குப் பெயர் உட்கார்ந்திருப்பது. டிக்கெட் ஜன்னலோ, பேங்க் கவுன்டரோ, எங்கேயாவது மரப்பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து முதுகு தேய்ந்தவர்கள் உங்களில் இருந்தால், நீங்களும் என் கட்சி. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்பா அரக்கோணத்திலிருந்து செகந்திராபாத் ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர். என் பெயர் மாணிக்கம்; ஐதராபாத்தில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் அட்டெண்டர். ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போய்க்கொண்டிருந்த காலத்தில் எங்கள் நூலகத்துக்கும் கம்ப்யூட்டர் வந்தது. அப்போது சிலபேர் மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. போகவேண்டிய அவசியமும் இல்லை.

நடுத்தாள்

தமிழ்ப் பேப்பர் சென்னையிலிருந்து ரயிலில் வரும். இன்றைய பேப்பர் நாளை மத்தியானம்தான் எங்கள் மேஜைக்கு. அவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தில் அதைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொருவர் நெல்லையப்பன் சார். தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவர். வெளியாள் கார்டு வாங்கி வைத்திருந்தார். திருநெல்வேலிக்காரர். இத்தனை வருஷம் தெலுங்கிலும் உருதுவிலும் குப்பை கொட்டியும் அவர் வாயிலிருந்து அந்த ‘வே’ போகவில்லை.

பேப்பர் வந்ததும் நடுத்தாளை உருவி என்னிடம் கொடுப்பார். வெளித்தாள் அவருக்கு. எனக்குத் தமிழ் எழுத்து அம்மா வீட்டில் சொல்லிக் கொடுத்தது; பள்ளிக்கூடத்தில் தெலுங்குதான். அதனால் எழுத்துக் கூட்டித்தான் என் வண்டி நகரும். அவர் தன் தாளை முடித்து, கண்ணாடியைத் துடைத்து, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் நிமிர்ந்தால் தாளை மாற்றிக்கொள்வோம். ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை. பிறகு பேச்சு. என் மனைவி போனபின் வீட்டில் தமிழ் நின்றுவிட்டது. பையன்களிடம் நான் தமிழில் கேட்டால் பதில் தெலுங்கில் வரும். அன்றாடம் நான் தமிழ் பேசியது அந்த மேஜையில் மட்டும்தான்.

நேற்றைய பேப்பரைப் போய் இன்றைக்குப் படிக்கிறோமே என்று ஒருதரம் அலுத்துக்கொண்டேன். அதற்கு அவர் சொன்னார்: “அதுல ஒரு சௌகரியம் உண்டும் வே. கெட்டது பூரா ஏற்கெனவே நடந்து முடிஞ்சிருக்கும். நாம பதற வேண்டியதில்ல பாரும்.”

ரிமோட்

சிஸ்டம்ஸ் பிரிவுக்கு ராவ் என்று ஒரு அதிகாரி வந்தார். வந்த சுருக்கில் படிக்கும் ஹாலில் பாதியைக் கண்ணாடியால் தடுத்தார், ஏசி போட்டார், கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்து ‘டிஜிட்டல் லைப்ரரி’ என்று போர்டு மாட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எங்கள் பேப்பர் மேஜையும் வேப்பமர ஜன்னலும் கண்ணாடிக்கு உள்ளே போய்விட்டன. நான் வெளியே. அடுத்து, கம்ப்யூட்டரில் கிடைக்கிற பேப்பரை இனிமேல் வாங்குவதில்லை என்று முடிவானது. முதலில் நின்றது தமிழ்ப் பேப்பர். “ரெண்டு பேருக்காக ஒரு பேப்பரா?” என்று ராவ் யாரிடமோ சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் கீழே வைக்கவில்லை.

அந்த வாரம் ஒரு பேராசிரியர் கவுன்டருக்கு வந்து ரிமோட் ஆக்சஸ் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். வீட்டில் இருந்தபடியே நூலகத்தைக் கம்ப்யூட்டரில் பார்க்கிற வசதி அது என்று எனக்குப் பின்னால்தான் தெரியும். என் பக்கத்து நாற்காலி காதர் பாய்க்கும் தெரியாது. அவர் ஏசி ரிமோட் என்று நினைத்துவிட்டார். அதை ராவ் டிராயரில் வைத்துப் பூட்டியிருக்கிறார், குளிர்ந்தால் ஷால் கொண்டு வந்துவிடுங்கள் என்று இரக்கத்தோடு வழி சொன்னார்: “ரிமோட் நக்கோ பூச்சோ சாப்! ராவ் சாப் டிராயர் மே ரக்கே. டண்ட் லகே தோ ஷால் லேகே ஆவோ.”

குறுக்கெழுத்து

பேப்பர் நின்றதை நெல்லையப்பன் சாரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கம்ப்யூட்டரில் வருகிறதாம், அதுவும் அன்றன்றைய பேப்பராம் என்று நல்ல விஷயம்போலச் சொன்னேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். நானும் புத்தகம் அடுக்குகிற சாக்கில் பின்னால் போனேன். பேப்பரின் பெயர் மேலே அழகாக வந்தது, படமும் வந்தது. செய்தி வரவேண்டிய இடத்தில் எல்லாம் சின்னச் சின்னக் கட்டம். வரிவரியாகக் கட்டம். மூடித் திறந்தோம், கட்டம். வேறு கம்ப்யூட்டருக்கு மாறினோம், அங்கேயும் கட்டம்.

ராவிடம் போய்ச் சொன்னேன். இங்கிலீஷ் பேப்பர் ஒழுங்காகத்தானே தெரிகிறது என்று நிமிராமலே சொன்னார். திரும்பி வந்தால் நெல்லையப்பன் சார் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் வந்தார்; இன்னொரு நாள் வந்து வாசலிலேயே நின்று “இன்னும் கட்டந்தானா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் வரவில்லை. முதல்நாள் அந்தத் திரையைப் பார்த்து அவர் சொன்னது: “குறுக்கெழுத்துப் போட்டியால்லா வச்சிருக்காங்க! கட்டத்த அவங்க போட்டுட்டாங்க, எழுத்த நாம போடணுமாக்கும்?”

யூசர்

ஷீபா என்று ஒரு பெண் வந்தது. திருமுல்கேரியில் ராணுவக் குடும்பம், பூர்வீகம் வேலூர். தமிழ் புரியும், பேச வராது, அல்லது பேசாது. டிஜிட்டல் லைப்ரரியில் வாசகர்களுக்கு என்ன தேவை, எதில் கஷ்டம் என்று கேட்டு எழுதுவது அதன் படிப்பு வேலை. கேள்வித்தாளை ஒவ்வொருவரிடமும் கொடுத்து, பதிலுக்கு நேரே இருக்கிற கட்டத்தில் டிக் போடச் சொல்லும். வாசலில் நின்று ஆளைப் பிடித்து அனுப்புகிற பொறுப்பு எனக்கு. ‘நேவிகேஷனில் சிரமம் உண்டா’ என்று ஒரு கேள்வி. ஓர் ஆராய்ச்சி மாணவன், மெயின் கேட்டிலிருந்து இங்கே நடப்பதற்குள் கால் போகிறது, பஸ்ஸை உள்ளே விடுங்கள் என்று பக்கம் பக்கமாக எழுதினான்.

எல்லாரிடமும் கேட்டாயே, என்னிடம் ஏன் கேட்கவில்லை என்று ஷீபாவிடம் கேட்டேன். அது யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டது. கேள்வித்தாள் யூசருக்குத்தான், நீங்கள் ஸ்டாஃப் என்று. ஒரு வாரம் அதோடு நான் பேசவில்லை. ஆளும் பிடித்துத் தரவில்லை. கடைசியில் அதுவே டீ வாங்கிக்கொண்டு வந்து, சரி சொல்லுங்கள், உங்களுக்கு என்ன வேண்டும் என்றது. தமிழ்ப் பேப்பர் என்றேன். கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டது. எழுதியபின்தான் நான் யூசர் இல்லையே என்று ஞாபகம் வந்து தலையில் கைவைத்துக்கொண்டது: “அய்யோ அங்கிள், மீரு யூசர் காது கதா!”

வாய்விட்டு நினைப்பது

கேள்வித்தாள் போதாதாம். யாரையாவது கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பின்னால் இருந்து பார்க்கவேண்டுமாம். அதற்கு இரண்டு விதி. பார்க்கிறவர் உதவி செய்யக்கூடாது, வாயே திறக்கக்கூடாது. உட்கார்ந்தவரோ மனதில் தோன்றுவதை எல்லாம் சத்தமாகச் சொல்லவேண்டும். சத்தமாக நினைக்கிற ஆள் ஒருவர் தார்நாகாவில் இருக்கிறார் என்று ஷீபாவிடம் சொன்னேன். அன்று சாயந்திரமே அவர் வீட்டுக்குப் போனேன். கொஞ்சம் இளைத்திருந்தார். ஒரு பெண்பிள்ளையின் படிப்பு விஷயம் என்று சொன்னேன். நீங்கள் இல்லாமல் எனக்குப் பொழுது போகவில்லை என்று சொல்லவில்லை.

மறுநாள் வந்தார், இஸ்திரி போட்ட சட்டையில். ஷீபா காகிதத்தோடு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். “இப்ப நான் என்ன நெனைக்கேம்னா, நாற்காலி கொஞ்சம் தாழ இருக்குன்னு நெனைக்கேன். இந்தப் பிள்ளை காலைல சாப்பிட்டுச்சான்னு நெனைக்கேன். இதோ கட்டம் வந்துட்டு. இத அமுக்குதேன், ஒண்ணுமில்ல. அத அமுக்குதேன், அதுவும் ஒண்ணுமில்ல. இதுக்கு மேல என்ன நெனைக்கன்னு தெரியல.” ஷீபா சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதியது. எனக்கு அந்தக் குரலைக் கேட்டதே போதுமாக இருந்தது. வாய் திறக்கக்கூடாது என்ற விதி இல்லையென்றால் ஏதாவது உளறியிருப்பேன். அவர் திரும்பாமலே சொன்னார்: “மாணிக்கம் பின்னால நின்னு பல்லக் கடிக்காருன்னு நெனைக்கேன், சத்தம் கேக்கு.”

கீழே தள்ளுவது

ஷீபா கெட்டிக்காரி. அந்தப் பேப்பரின் எழுத்தைக் கம்ப்யூட்டருக்குள் தனியாக ஏற்றவேண்டும், அதற்கு ஃபான்ட் என்று பெயர், ஏற்றாததால்தான் கட்டம் என்று கண்டுபிடித்து, ராவிடம் போய் நின்று ஏற்றவைத்தது. ஒரே நாளில் கட்டமெல்லாம் எழுத்தாகிவிட்டது. அதே ஜன்னல், அதே வேப்பமரம். நெல்லையப்பன் சார் பழையபடி தினமும் வந்தார். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்.

இங்கேதான் நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. கம்ப்யூட்டரில் நடுத்தாள் கிடையாது. உருவிக் கொடுக்க முடியாது. இரண்டு பேரும் ஒரே பக்கத்தை ஒரே வேகத்தில் படித்தாகவேண்டும். அவர் முடித்துவிட்டு மவுஸில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஜன்னல் பக்கம் பார்க்கவும் முடியாது, பார்த்தால் திரை அணைந்து ஸ்கிரீன்சேவர் மீன் நீந்த ஆரம்பித்துவிடும். அவரைக் காக்கவைக்கிறோமே என்று எனக்குக் கூச்சம். பாதியிலேயே முடித்துவிட்டேன் என்பேன். ரயில் கவிழ்ந்ததுவரை படிப்பேன். எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பது மேலே போய்விடும். அந்த நாட்களில் பாதிச் செய்தியோடுதான் வீட்டுக்குப் போனேன். ஆனாலும் சந்தோஷமாகப் போனேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் அவர் என்னைக் கேட்பார்: “முடிச்சாச்சா வே? முடிச்சாச்சுன்னா கீழ தள்ளுதேன்.”

தார்நாகா பஸ் ஸ்டாப்

ஷீபா கடைசி நாளன்று ஒரு ஃப்ளாப்பியில் அந்த ஃபான்ட்டைப் போட்டு நெல்லையப்பன் சாரிடம் கொடுத்தது. மகன் வாங்கி வைத்த கம்ப்யூட்டர் அவர் வீட்டில் சும்மா இருந்ததாம். கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஒரு கூட்டத்தில் ராவ் எழுந்து, நம் சேவை எவ்வளவு முன்னேறிவிட்டதென்றால் வாசகர் நூலகத்துக்கு வரவேண்டிய தேவையே இல்லை என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் காதர் பாயும் டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்ததால் கை தட்டாமல் தப்பித்தோம்.

சொல்லாமல் நின்றுவிட்டாரே என்று நெல்லையப்பன் சார் மேலும் எனக்குக் கோபம். ராவ், ஷீபா, அவர் என்று வரிசையில் அவரையும் நிறுத்திவைத்திருந்தேன். மழைக்காலம் முடிகிற சமயம் தார்நாகா பஸ் ஸ்டாப்பில் எதிரே வந்தார், கையில் கீரைக்கட்டு. முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் நினைத்தேன், முடியவில்லை. “சார், பேப்பர் படிக்கிறீர்களா?” என்றேன். வேறு என்ன கேட்பது? வீட்டிலேயே தெளிவாக வருகிறது, ஒரு கட்டம்கூட இல்லை என்றார். என் பஸ் வந்து நின்றது. நான் ஏறாமல் நின்றேன். அவர் என் தோளில் கைவைத்து, ஏறும் ஏறும் என்று படிவரைக்கும் தள்ளிவிட்டுச் சொன்னார்: “நீரு பாதியிலேயே முடிச்சாச்சுன்னு சொல்லுவீரு, எனக்குத் தெரியாதாக்கும்? நமக்காகப் பாவம் இவரு கஷ்டப்படுதாரேன்னுதான் வே நான் வாரத நிறுத்துனேன்.”

எங்கள் கஷ்டம் என்னவென்று ஆள் வைத்துக் கேட்டு ஒன்றுவிடாமல் தீர்த்துவைத்துவிட்டார்கள். எனக்கு அந்தக் கஷ்டம்தான் வேண்டியிருந்தது என்று டிக் போட மட்டும் கேள்வித்தாளில் கட்டம் இல்லை.