என் மனுவைத் திருத்த எனக்கே தடை

எங்கள் ஊரான தேவாரத்தில் எங்கள் வாழையை யானை மிதித்துவிட்டது. எனக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல, மருமகள் செல்வி நஷ்டஈட்டு மனுவைக் கம்ப்யூட்டரில் அடித்தாள். மறுநாளும் யானை வந்து மிச்சத்தையும் அழித்தது. அதைச் சேர்க்கப் பார்த்தால் மனு தெரிகிறது, ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியவில்லை. வனத்துறை ஆள் வரும் நேரம்.

கம்ப்யூட்டர் விற்ற போடி ஊர்க் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"எழுதுற சாப்ட்வேருக்கு வருசச் சந்தா முடிஞ்சிருச்சு ஆத்தா. கட்டுனாத்தேன் எழுத விடும்."

"ஏப்பு, விக்கும்போது ஏன் சொல்லல? ஓசியில ஒண்ணு இருக்காமே, செல்வி சொல்றா."

"ஓசியெல்லாம் உருப்படாது ஆத்தா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த இலவச மென்பொருளையே செல்வி இறக்கினாள். அதே மனு திறந்தது. திருத்தி, வந்தவர் கையில் கொடுத்தோம்.

இப்போது யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும், இலவச மென்பொருளைப் போடச் சொல்லி முதலில் கேளுங்கள் என்கிறேன். யானையாவது பசிக்கு வந்தது. அந்தக் கடைக்காரருக்கு என்ன கேடு?